களுவாஞ்சிகுடி மணலில் குளியலறை: டைல்ஸ் கடைக்குப் போகுமுன்

கேள்வி: களுவாஞ்சிகுடியில் எங்களுக்கு 10 பேர்ச் காணி. வீட்டோடு சேர்த்து 5 அடிக்கு 7 அடியில் குளியலறையும் மலசலகூடமும் ஒன்றாகக் கட்டப் போகிறோம். அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் நோ. பின்வளவில் கொங்கிரீட் வளையம் இறக்கி ஒரு மலக்குழி வெட்டினால் போதும் என்கிறார் மேசன். எங்கள் கிணறு அந்த இடத்திலிருந்து 35 அடி. மாரியில் கிணற்றுத் தண்ணீரைக் குனிந்து கையால் அள்ளலாம். என்ன டைல்ஸ், என்ன கொமட் வாங்குவது? வெளியே இருக்கிற பழைய கக்கூசை இடித்துவிடலாமா?

பதில்: டைல்ஸையும் கொமட்டையும் பத்து வருடம் கழித்தும் மாற்றலாம், ஒரு கிழமை வேலை. குழியையும் தரை உயரத்தையும் மாற்றுவதென்றால் கட்டியதை உடைக்க வேண்டும். நீங்கள் கேட்டது டைல்ஸைப் பற்றி. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அந்த வளையக் குழிதான்.

அது வேண்டாம். வளையக் குழிக்கு அடித்தளம் கிடையாது. நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கும் மேட்டு நிலத்தில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். நமது கரையோர மணலில் மாரிக்கு நீர்மட்டம் தரைக்கு இரண்டு மூன்றடி கீழே வரை ஏறிவிடுகிறது. அப்போது எட்டடிக் குழியில் முக்கால்வாசி தண்ணீருக்குள் நிற்கும். மணல் கழிவுநீரைத் தேக்கி வைத்து வடிகட்டாது, விரைவாகக் கடத்திவிடும். போய்ச் சேரும் இடம் கிணறு. கார்த்திகை, மார்கழியில் கொமட்டுக்குள் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் குமிழி விட்டு மேலே வருவதும் இதனால்தான். அடைப்பு என்று நினைத்து அசிட் ஊற்றுவார்கள், கம்பி விட்டுக் குத்துவார்கள். பைப்பில் ஒன்றும் இருக்காது, குழிதான் நிரம்பியிருக்கும். 2011 ஜனவரி வெள்ளத்தை இந்தப் பக்கத்தில் இருந்து கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

செய்ய வேண்டியது இரண்டு தனித்தனி வேலை. ஒன்று, அடியும் சுவரும் கொங்கிரீட்டில் முழுதாக மூடிய, உள்ளே இரண்டு அறை கொண்ட மலத் தாங்கி (செப்டிக் டாங்க்). முதல் அறை மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கட்டும். கழிவு படிவது அங்கேதான். மற்றது, தெளிந்து வரும் நீரை மண்ணுக்குள் விடும் இடம். தாங்கி கசியாதென்றால் குளியலறைக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். மண்ணுக்குள் விடும் இடம்தான் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்க வேண்டும், 60 என்றால் நல்லது. அளக்கும்போது வேலிக்கு அப்பால் உள்ள கிணறுகளையும் சேர்த்து அளவுங்கள். உங்கள் கிணற்றைக் காப்பாற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் கிணற்றடியில் கொண்டுபோய் விடுவதுதான் இங்கே பெரும்பாலும் நடக்கிறது.

10 பேர்ச்சுக்குள் எல்லாக் கிணற்றுக்கும் 50 அடி கிடைப்பது கஷ்டம். கிணறுகளுக்கு எட்டத்தில் உள்ள மூலையைத் தேர்ந்து, ஆழமாகப் போகாமல் மேலே வாருங்கள். மண் கொட்டி நிலத்தை உயர்த்தி, சல்லிக்கல் பரப்பி, துளையிட்ட பைப்பை அதற்குள் ஓட்டி மேலே மண் மூடுங்கள். சல்லியின் அடிக்கும் மாரிக்கால நீர்மட்டத்துக்கும் இடையில் மூன்று, நான்கு அடி மண் இருப்பதுதான் குறி. அதன்மேல் கல்வாழையும் வாழையும் நட்டால் நீரில் ஒரு பங்கை அவை உறிஞ்சும். இப்படிச் செய்தாலும், குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீரைப் பாவியுங்கள். கிணறு குளிக்க, துவைக்க இருக்கட்டும்.

குளிக்கிற தண்ணீரைத் தாங்கிக்குள் விடாதீர்கள். நாலு பேர் குளித்து வரும் சவர்க்காரத் தண்ணீர் ஒரேயடியாக உள்ளே போனால், படிய வேண்டிய கழிவு படியாமல் கலங்கி வெளியே போகும். அதற்குத் தனி பைப் போட்டு ஒரு சிறிய சல்லிக் குழிக்கோ தென்னைக்கோ விடுங்கள்.

இனி உயரக் கணக்கு. மேசனிடம் இதைத் தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கொமட்டிலிருந்து போகும் 4 அங்குல பைப்புக்கு 40க்கு 1 என்ற சரிவு வேண்டும். 20 அடி ஓடினால் 6 அங்குலம் இறங்கும், 40 அடி ஓடினால் ஒரு அடி. கரையோரத்துத் தட்டை நிலத்தில் அந்த ஒரு அடி பெரிய சொத்து. உயர்த்திய மண்ணின் மட்டத்தைக் குறித்து, அங்கிருந்து தாங்கிக்கு, தாங்கியிலிருந்து கொமட்டுக்கு என்று பின்னோக்கி வந்தால் குளியலறைத் தரை எவ்வளவு உயர வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். இங்கே பலர் தரையை முதலில் போட்டுவிட்டுக் கடைசியில் பைப்பைக் கிடையாகப் படுக்க வைக்கிறார்கள்.

தாங்கியைப் பற்றி இன்னொன்று. வெறும் தாங்கி மாரியில் மிதக்கும். கொங்கிரீட் இறுகியவுடன் தண்ணீர் நிரப்பி விடுங்கள். கசிகிறதா என்பதும் அப்போதே தெரியும். பவுசரைக் கூப்பிட்டு உறிஞ்சுவதைக் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் தரைக்கு மேலே தெரியும்படி விட்டு, பவுசரின் குழாய் வீதியிலிருந்து எட்டுமா என்றும் பாருங்கள். மூடியை மண்ணில் புதைத்து, மேலே கொங்கிரீட்டும் போட்டு, ஐந்து வருடம் கழித்து எங்கே என்று தேடிய வீடுகள் நிறைய.

இப்போது உள்ளே வருவோம். கொமட்டைக் கதவுக்கு நேரே வைக்காமல் பக்கச் சுவரோரம், குளிக்கிற இடத்தை அறையின் கடைசி 3 அடிக்குள் வையுங்கள். காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கத்து வாசகர்கள் கிப்லா என்ற தொழுகைத் திசைக்கு முகமோ முதுகோ வராமல் வடக்குத் தெற்காகக் கொமட்டை வைப்பார்கள். அதையும் பைப் புதைக்குமுன் சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் தரையை வெட்டத்தான் வேண்டும்.

அம்மாவுக்காகச் சில. கதவு வெளியே திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்தால் உட்பக்கம் திறக்கும் கதவை அவரே அடைத்துக்கொண்டு கிடப்பார். வாசலில் நாலங்குலத் திட்டு கட்டாதீர்கள், அரை அங்குலத் தாழ்வே போதும், தண்ணீரைச் சரிவு பார்த்துக்கொள்ளும். கொமட் இருக்கை 17 முதல் 19 அங்குல உயரம். பக்கத்துச் சுவரில் பிடிகம்பி வரும். உங்கள் சுவர் உள்கூடான சீமெந்துக்கல் என்றால், கம்பி வரும் இடத்துக் கற்களைப் பூச்சுக்கு முன்பே கொங்கிரீட்டால் நிரப்பச் சொல்லுங்கள். கூட்டுக்குள் அடித்த ஆணி ஒரு நாள் அம்மாவின் பாரத்தோடு வெளியே வரும்.

தரைச் சரிவு குளிக்கும் இடத்தில் நாலடிக்கு ஒரு அங்குலம். சரிவைச் சீமெந்துத் தளத்திலேயே கொடுக்க வேண்டும், டைல்ஸ் ஒட்டும்போது சமாளிக்கலாம் என்பவரை நம்பாதீர்கள். அதன்மேல் நீர்த்தடுப்புப் பூச்சு, ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு தரம். சுவரில் ஓரடி உயரத்துக்கும், குளிக்கும் இடத்தில் ஆளுயரத்துக்கும் ஏற வேண்டும். பூச்சு காய்ந்தபின் வாய்க்காலைத் துணியாலும் வாசலைத் தற்காலிக வரம்பாலும் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு இராப்பகல் விடுங்கள். மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து வைத்தால் வாதமே வராது. சுவரின் சீமெந்துப் பூச்சுக்குக் கடல் மணல் கலக்க விடாதீர்கள். அந்த உப்பு சுவரில் வெள்ளையாகப் பூக்கும், உள்ளே கம்பியையும் தின்னும்.

இனித்தான் டைல்ஸ். தரைக்குப் பளபளப்பு வேண்டாம், சொரசொரப்பானது, 12க்கு 12 அல்லது அதிலும் சிறியது. இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் 5 அடி அறையில் சரிவுக்கு வளையாது, தண்ணீர் நடுவில் தேங்கும். கடையில் ஒரு துண்டை நனைத்து, சவர்க்காரம் தடவி, வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள். கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை. ஒட்டிய மறுநாள் நாணயத்தால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, வெறுமையாக ஒலிப்பதை மேசன் போகுமுன் கழற்றச் சொல்லுங்கள்.

குழாய்கள் பித்தளையில், மேல்பூச்சு நல்லதாக இருக்கட்டும். கையில் எடுத்துப் பார்த்தாலே கனம் தெரியும். லேசான கலவை உலோகம் உப்புக் காற்றில் சீக்கிரம் கொப்பளிக்கும். பலகைக் கதவை விட்டு அலுமினியத்துக்கோ பிவிசிக்கோ போங்கள். மேலே வைக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் ஷவருக்கும் பத்தடி உயர வித்தியாசம் என்றால் அழுத்தம் 0.3 பார்தான், பெரிய தட்டு மழை ஷவர் அதில் சொட்டும். கை ஷவரும் ஒரு வாளியும் அம்மாவுக்கு இலகு. சுவிட்சுகள் அறைக்கு வெளியே. ஹீட்டர் வைப்பதானால் எர்த் வயரும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்சும் இல்லாமல் வைக்காதீர்கள்.

பழைய கக்கூசை இப்போது இடிக்க வேண்டாம். குழி வேலையை ஐப்பசி மழைக்கு முன், நீர்மட்டம் இறங்கியிருக்கும் ஆவணி, புரட்டாதியில் முடித்து, புதியதில் ஒரு மாரி போகட்டும். மார்கழியிலும் தண்ணீர் தடையில்லாமல் இறங்கினால், தையில் பழைய குழியைப் பவுசரால் உறிஞ்சி, சுண்ணாம்பு போட்டு, மண்ணால் நிரப்பி மூடுங்கள்.