உப்புக்காற்று ஊரில் ‘டிரை கிளீன் மட்டும்’ திரைச்சீலை: கேள்வி பதில்

கீழக்கரையில் திரைச்சீலை தைக்கிறேன். தொண்டியிலிருந்து இராமேசுவரம் வரை என் கையால் தைத்துக் கொடுத்த சீலைகள் தொங்குகின்றன. அவற்றில் ஒன்று சுருங்கியோ சாயம் போயோ திரும்பி வந்தால் எனக்கு மனம் ஆறாது. அதனால் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பாம்பனிலிருந்து: அக்கா, எங்கள் ஜன்னல் கடலைப் பார்த்தது. சீலைகளை மதுரைக்கு அனுப்பி டிரை கிளீனிங் செய்து வாங்கினோம். ஒரே மாதத்தில் பழையபடி பிசுபிசுக்கிறது. சரியாகச் செய்யவில்லையா?

அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது தங்கச்சி. டிரை கிளீனிங்கில் தண்ணீருக்குப் பதிலாகப் பெர்குளோரோஎத்திலீன் போன்ற கரைப்பானில் துணியை அலசுகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கை அது அருமையாக எடுத்துவிடும். ஆனால் உப்பு தண்ணீரில் கரைகிற பொருள். அந்தக் கரைப்பானில் கரையாது. கூடச் சேர்க்கும் சிறிதளவு ஈரத்தில் போவது போக, மிச்சம் இழைக்குள்ளேயே தங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே நீர்விடத் தொடங்கும். கடல் உப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைடோ அதற்கு வெகு முன்பே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் புழுதி ஒட்டுகிறது, பிறகு பூஞ்சை பிடிக்கிறது. ஆகவே தண்ணீரைத் தாங்கும் துணி என்றால், நம் ஊரில் அதைத் தண்ணீரில் அலசுவதுதான் அதற்குச் செய்யும் நன்மை.

தாங்குமா தாங்காதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் லேபிளைப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டிப் படத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் துவைக்கவே கூடாது என்று பொருள். வட்டம் மட்டும் இருந்தால் டிரை கிளீனிங் செய்யலாம் என்பதைத்தான் அது சொல்கிறது. உள்துணி இல்லாத ஒற்றைப் பாலியஸ்டர் சீலையிலும் ‘டிரை கிளீன் மட்டும்’ என்று அச்சடித்து வருவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டதைச் சோதித்துவிட்டுத் துணியலாம்.

சோதனைக்கு, கீழ் மடிப்பின் உட்பக்கத்தில் 20 சென்டிமீட்டர் அளந்து இரண்டு முனையிலும் வெள்ளை நூலால் ஒரு தையல் போடுங்கள். அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து வெள்ளைத் துணியை வைத்து அழுத்துங்கள். சாயம் ஒட்டினால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். ஒட்டவில்லையென்றால் நிழலில் முழுதும் காயவிட்டு மறுபடி அளக்க வேண்டும். 20 என்பது 19 ஆகியிருந்தால் சுருக்கம் 5 சதவீதம்; 7 அடிச் சீலையில் அது 4 அங்குலத்துக்கு மேல். தரையைத் தொட்ட சீலை கணுக்காலுக்கு ஏறிவிடும்.

மேல்துணி பாலியஸ்டர், உள்துணி பருத்தி என்றால் இன்னும் கவனம் தேவை. பருத்தி மட்டும் சுருங்கி, மேல்துணியை இழுத்துப் பை போலத் தொங்கவைக்கும். அப்படிப்பட்டதை நான் உள்துணியைப் பிரித்துத் தனியாக அலசித்தான் திரும்பத் தைப்பேன்.

துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த வெல்வெட் சீலை. மெஷினில் போடலாமா?

வேண்டாம். தண்ணீர் பட்டால் அந்த மென்மயிர் படுத்துவிடும், பிறகு எழுந்திருக்காது. நிழலில் தொங்கவிட்டு மென்மையான பிரஷால் தூசு தட்டுங்கள். விஸ்கோஸ் ரேயானுக்கும் இதே எச்சரிக்கைதான். நனைந்தால் அதன் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். தன் பாரத்திலேயே கிழிந்து வந்ததைத் தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

மண்டபத்திலிருந்து: எங்களுக்குப் போர்வெல் தண்ணீர்தான், உவர்ப்பு. அதில் அலசலாமா?

இந்தக் கேள்வி வர வேண்டும் என்று காத்திருந்தேன். முதல் அலசலுக்குப் போர்வெல் தண்ணீர் பரவாயில்லை. கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் காற்று கொண்டுவந்த உப்பை எடுத்துவிட்டு நாமே உப்பைப் பூசியது போலாகும். குடம் குடமாகத் தண்ணீர் பிடித்து வைக்கும் ஊரில் இது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் மாடித் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைப்பவர்கள், ஐப்பசி கார்த்திகையில் மழை விட்ட ஒரு வெயில் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளலாம்.

கட்டிச் சோப்பு வேண்டாம். உவர்நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அதோடு சேர்ந்து சாம்பல் நிறப் படலமாகத் துணியில் படியும். மென்மையான திரவ டிடர்ஜென்டில் இரண்டு மூடி போதும். கொக்கி, வளையம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். வெளியே கொண்டுபோய் மணலை உதறுங்கள். மணலோடு கசக்கினால் இழை அறுந்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, கசக்காமல் அமுக்கி அமுக்கி எடுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது. பழைய பருத்தித் துண்டில் சுருட்டி அழுத்தினாலே தண்ணீர் இறங்கிவிடும்.

சாயம் போகாமலிருக்கக் கல்லுப்புப் போட்டு ஊறவைக்கலாமா?

கூடாது. பருத்திக்குச் சாயம் ஏற்றும்போது உப்பு உதவும். ஏற்றி முடித்த சாயத்தை அது பிடித்து நிறுத்தாது.

வெயில் மறைக்கும் ரப்பர் பூச்சுச் சீலையில் கரும்புள்ளிகள்.

பூச்சுக்குள் இறங்கிய பூஞ்சை பெரும்பாலும் போகாது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு வெளியில் வைத்துத் துடைத்தெடுங்கள். மடிக்காதீர்கள், சூடு காட்டாதீர்கள். பூச்சு ஒன்றோடொன்று ஒட்டி உரிந்துவிடும்.

கொக்கியின் துருக்கறைக்கு பிளீச் ஊற்றலாமா?

பிளீச் துருவை எடுக்காது, கறை இன்னும் அழுத்தமாகிவிடும். வெள்ளைப் பருத்தி என்றால் எலுமிச்சைச் சாற்றைத் தடவிச் சிறிது நேரம் வெயிலில் வைத்து அலசுங்கள். நிறத்துணியில் ஓரத்தில் சோதித்த பிறகே செய்யுங்கள். பட்டு என்றால் பிளீச்சை நினைக்கவே வேண்டாம், அது இழையையே கரைத்துவிடும்.

காயவைப்பது எப்படி அக்கா? எங்கள் மாடி கடலைப் பார்த்தே இருக்கிறது.

மாடியில் போடாதீர்கள். கச்சான் காற்று வீசும் நாளில் ஈரத்துணி உப்பையும் மணலையும் அள்ளிக்கொள்ளும். வீட்டுக்குள் அதே கம்பியில் அரை ஈரமாக மாட்டி, கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்தி மின்விசிறியைப் போடுங்கள். தன் பாரத்திலேயே மடிப்பு நேராகிவிடும். பாலியஸ்டருக்கு இஸ்திரியே தேவைப்படாது. இந்த அறிவுரை ரேயானுக்குப் பொருந்தாது. அது தெரியாமல் நனைந்துவிட்டால் பாயில் பரப்பித்தான் காயவைக்க வேண்டும்.