பாட்டு முடிவதற்குள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரம் ஓடிடியில் 'ஹாமில்டன்' என்ற அமெரிக்க இசை நாடகம் பார்த்தேன். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் பாடிக்கொண்டே இருக்கிறார்கள். ரசித்துத்தான் பார்த்தேன். ஆனால் ஒரு குறுகுறுப்பு. நம் படத்தில் திடீரென்று பாட்டு வந்தால் கேலி செய்கிற நண்பர்கள், அமெரிக்கக்காரன் மேடையில் அதையே செய்தால் வாயைப் பிளக்கிறார்கள். இரண்டுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? இந்த இசை நாடக உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே பெயர் ஆண்ட்ரூ லாயிட் வெப்பர். அதுவும் ரஹ்மானை லண்டனுக்கு அழைத்து 'பாம்பே ட்ரீம்ஸ்' போட்டவர் என்பதால். வேறு யாரைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள்: நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயும் வெகுகாலம் நம் படம் மாதிரித்தான் இருந்தது. கதை ஒரு சாக்கு. நட்சத்திரத்துக்கு இரண்டு பாட்டு, காலைத் தூக்கி ஆடும் பெண்கள் வரிசை, நடுவில் கோமாளி. ஒரு நாடகத்தில் வேண்டாம் என்று எடுத்த பாட்டை அடுத்ததில் செருகிக்கொள்வார்கள். யாரும் அதைக் குறையாக நினைத்ததில்லை.

இதை மாற்றியவர்களில் நான் முதலில் சொல்வது கதையும் பாட்டும் எழுதிய ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் பெயரை. 1927 டிசம்பரில் ஜெரோம் கெர்ன் இசையில் அவர் எழுதிய 'ஷோ போட்' மேடையேறியது. மிசிசிப்பி நதியில் ஊர் ஊராகப் போகும் நாடகப் படகு, மூட்டை தூக்கும் கறுப்பினத் தொழிலாளிகள், வெள்ளையரும் கறுப்பரும் மணந்தால் குற்றம் என்ற சட்டம். சிரித்துவிட்டுப் போக வந்தவர்கள் எதிர்பார்க்காத சரக்கு. (அதிலும் 1918-இல் வேறொரு நாடகத்திலிருந்து வெட்டிய பாட்டு ஒன்றைக் கெர்ன் கொண்டுவந்து வைத்தார். பழக்கம் லேசில் போகுமா?)

பிறகு ஹாமர்ஸ்டைனுக்குப் பல வருடம் தோல்விமேல் தோல்வி. ஆள் முடிந்துவிட்டார் என்று பேசப்பட்டபோது, 1943 மார்ச் 31 அன்று, இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராட்ஜர்ஸுடன் 'ஓக்லஹோமா!' வந்தது. திரை விலகினால் ஆட்டக்காரிகள் இல்லை. ஒரு வயதான பெண்மணி தனியாக வெண்ணெய் கடைந்துகொண்டிருக்கிறாள், நாயகனின் குரல் மேடைக்கு வெளியே இருந்து கேட்கிறது. நாம் இன்றும் மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று சண்டை போடுகிறோம் அல்லவா? ராட்ஜர்ஸ் தன் பழைய கூட்டாளியான பாடலாசிரியர் லோரன்ஸ் ஹார்ட்டுடன் இருந்தவரை பெரும்பாலும் மெட்டுதான் முதலில். ஹாமர்ஸ்டைனிடம் வந்ததும் வரி முதலில் வந்தது. பாத்திரம் என்ன பேசும் என்று தீர்மானமான பிறகே இசை. 2,212 காட்சிகள் ஓடியது. அந்த வெற்றியின் நடுவே ஹாமர்ஸ்டைன் 'வெரைட்டி' பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தார். தன் பழைய தோல்வி நாடகங்களை வரிசையாகப் போட்டு, முன்பு செய்ததை மறுபடியும் என்னால் செய்ய முடியும் என்று கீழே எழுதியிருந்தார். இந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது அந்த விளம்பரத்தால்தான்.

நீங்கள் கேட்ட வித்தியாசத்துக்கு இப்போது வருகிறேன். 1945-இல் இதே இருவர் போட்ட 'கரோசெல்' நாடகத்தில் ஒரு பெஞ்ச் காட்சி உண்டு. குடை ராட்டினத்துக்கு ஆள் கூப்பிடும் முரடன் பில்லி, ஆலைத் தொழிலாளி ஜூலி. அன்று மாலைதான் சந்திக்கிறார்கள். அங்கேயே உட்கார்ந்திருந்ததில் அவளுக்கு வேலை போகிறது, அவனுக்கும் போய்விட்டது. இருவருக்கும் காதலை ஒப்புக்கொள்ள மனமில்லை. அதனால் 'ஒருவேளை நான் உன்னைக் காதலித்தால்' என்று பாடுகிறார்கள். காதலித்தால் எனக்குப் பேச்சே வராது, சந்தர்ப்பத்தை நழுவ விட்டுவிடுவேன் என்று அவள். அவனும் அதையே. நடுநடுவே பேச்சு, பிறகு பாட்டு, மறுபடி பேச்சு. 'ஆல்' என்ற அந்த ஒரு விகுதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பாடி முடிக்கும்போது காதல் நடந்தே முடிந்துவிட்டது. நம் படங்களில் பெரும்பாலும் காதல் முடிவான பிறகு அதைக் கொண்டாடப் பாட்டு வரும், அருமையான விதிவிலக்குகள் இருந்தாலும். பெஞ்சிலோ பாட்டுக்குள்ளேதான் சம்பவம். அதைக் கத்தரித்தால் அடுத்த காட்சிக்குக் கால் இருக்காது.

இந்த வித்தையை ஹாமர்ஸ்டைன் ஒரு பையனுக்குச் சொல்லிக்கொடுத்தார். பென்சில்வேனியாவில் டாய்ல்ஸ்டவுன் பக்கம் அவருக்கு ஒரு பண்ணை வீடு. அக்கம்பக்கத்தில் விவாகரத்தான தாயோடு இருந்தவன் ஸ்டீபன் சோண்ட்ஹைம். 15 வயதில் பள்ளிக்காக ஒரு இசை நாடகம் எழுதி எடுத்துவந்து, என்னைத் தெரியாதவர் போலப் படித்துச் சொல்லுங்கள் என்றான். அவர் படித்துவிட்டு, தான் படித்ததிலேயே மிக மோசமானது இதுதான் என்றார். ஆனால் திறமை இல்லை என்று சொல்லவில்லை. பிறகு மதியம் முழுக்க வரி வரியாக ஏன் மோசம் என்று விளக்கினார். கூடவே வீட்டுப்பாடம்: நல்ல நாடகம் ஒன்றைத் தழுவி ஒன்று, ஓட்டை உள்ள நாடகத்தைச் சரிசெய்து ஒன்று, மேடைக்கு வராத கதையிலிருந்து ஒன்று, சொந்தமாக ஒன்று. குருகுலம் என்றால் இதுதான், சம்பளம் மட்டும் கிடையாது.

சோண்ட்ஹைம் அந்தக் கண்டிப்பைத் தன்மேலும் காட்டினார். 1957-இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'க்குப் பாட்டெழுதியவர் அவர். அதில் போர்ட்டோ ரீகோவிலிருந்து வந்த மரியா என்ற ஏழைப் பெண், தான் அழகாக இருப்பதாக ஒரு பாட்டுப் பாடுவாள். உள் எதுகை துள்ளும். ஆங்கிலம் இப்போதுதான் பழகும் பெண்ணுக்கு இவ்வளவு சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை வெட்கப்பட்டார். 1973-இல் 'எ லிட்டில் நைட் மியூசிக்' நாடகத்தில் நடித்த கிளினிஸ் ஜான்ஸுக்கு நீண்ட கார்வை நிற்காது. அவருக்காகச் சின்னச் சின்னக் கேள்விகளாகவே ஒரு பாட்டை எழுதினார். மூச்சு வாங்கும் இடமெல்லாம் அந்தப் பாத்திரத்தின் தயக்கமாக மாறியது. சோண்ட்ஹைம் பாட்டுகளில் ஊரெல்லாம் பாடியது அதுதான்.

உங்கள் லாயிட் வெப்பரை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 'தி ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா' பிராட்வேயில் 1988 முதல் 2023 வரை 13,981 காட்சிகள் ஓடியது. சோண்ட்ஹைமுக்கும் அவருக்கும் பிறந்த நாள்கூட ஒன்றே, மார்ச் 22. ஆனால் லாயிட் வெப்பருடைய மெட்டு எனக்கு நினைவிருக்கிற அளவுக்கு, யார் யாரிடம் எதற்காகப் பாடினார்கள் என்பது நினைவிருப்பதில்லை.

சோண்ட்ஹைம் தனக்குக் கிடைத்ததை அடுத்தவர்களுக்குக் கொடுத்தார். 'ரெண்ட்' என்ற இசை நாடகம் எழுதிய ஜொனாதன் லார்சனுக்கு வழிகாட்டினார். லார்சன் 1996-இல் அதன் முதல் முன்னோட்டக் காட்சி நடக்கவேண்டிய நாளின் அதிகாலையில், 35 வயதில் இறந்துபோனார். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' 2009-இல் மறுபடி வந்தபோது சில பாட்டுகளை ஸ்பானிஷில் மாற்றும் வேலையை லின்-மானுவேல் மிராண்டா என்ற இளைஞர் செய்தார். நீங்கள் பார்த்த 'ஹாமில்டன்' அவர் எழுதியதுதான்.

அதை மறுபடி போட்டால் கல்யாணக் காட்சியில் நிறுத்துங்கள். முதலில் எலைசா தன் காதல் கதையைப் பாடுவாள். சந்தோஷமான பாட்டு. உடனே அவள் அக்கா ஏஞ்சலிகா மணமக்களை வாழ்த்தக் கோப்பையைத் தூக்குவாள். மேடை பின்னோக்கிச் சுழலும். அதே முதல் சந்திப்பு, இப்போது அக்காவின் கண்ணில். மாப்பிள்ளை ஹாமில்டனை முதலில் விரும்பியது அவள். தங்கையிடம் அழைத்துப்போய் அறிமுகம் செய்ததும் அவளே. சுழற்சி நின்று கல்யாணத்துக்குத் திரும்பும்போது கோப்பை இன்னும் அவள் கையில்தான் இருக்கும்.