நல்ல நேரத்தில் ஒரு கேள்வி

அன்புள்ள ஐயா,

மகனுடன் வேலை பார்க்கும் பெண்ணின் திருமணத்துக்காகப் போன மாதம் இங்கிலாந்து போயிருந்தோம். டெவன் பக்கம் ஒரு கிராமத்து சர்ச். எல்லாம் அழகாகப் போய்க்கொண்டிருந்தபோது பாதிரியார் எங்களைப் பார்த்து, "இவர்கள் மணம் செய்ய சட்டப்படி தடை ஏதும் யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்லுங்கள்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அபசகுனமாக ஒரு சொல்கூடக் காதில் விழக்கூடாது என்றுதானே நாம் கெட்டிமேளம் கொட்டச் சொல்கிறோம்? நல்ல நேரத்தில் இப்படி ஒரு கேள்வி எதற்கு?

க., ஈரோடு

அன்புள்ள க.,

கெட்டிமேளத்தை நினைத்தீர்கள் பாருங்கள், அதிலிருந்தே தொடங்கலாம். நாம் மேளத்தால் நிரப்பும் நேரத்தில் அவர்கள் பேச்சை நிறுத்திக் காத்திருக்கிறார்கள். இங்கிலாந்துத் திருமணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த மௌனம்தான்.

நீங்கள் கேட்டது கடைசிக் கேள்வி. வழக்கப்படி செய்கிறவர்களுக்கு அதற்கு முன்பே மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இருவர் பெயரையும் வாசித்து, தடை உண்டா என்று கேட்டிருப்பார்கள். பெண்ணும் பையனும் வேறு வேறு பங்கு, அதாவது வேறு வேறு சர்ச் வட்டாரம், என்றால் இரண்டு இடத்திலும் வாசிக்க வேண்டும். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் ஓலை வாசிப்பது என்பார்களே, அதேதான். 1215-இல் ரோமில் கூடிய லாத்தரன் பொதுச்சங்கம் என்ற திருச்சபைக் கூட்டம் விதித்த கட்டளையிலிருந்து வந்த வழக்கம்.

சில வருடங்களுக்கு முன் அங்கே ஒரு சர்ச்சில் அப்படி வாசித்ததை நானே கேட்டேன். "இது முதல் முறை கேட்பது" என்று பாதிரியார் முடித்ததும், முன்வரிசையில் இருந்த இரண்டு கிழவிகள் முழுதாகத் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். கடைசி பெஞ்சில் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள், காது மட்டும் சிவந்து தெரிந்தது. இனி ஊருக்கே தெரியும்.

ஊருக்குத் தெரியாமல் நடந்தால் என்ன ஆகும் என்று லண்டன் கண்ணாரப் பார்த்திருக்கிறது. 1700-களின் முதல் பாதியில் ஃப்ளீட் என்ற கடன்காரர் சிறையைச் சுற்றிக் கல்யாண வியாபாரம் நடந்தது. கடனில் மூழ்கிய பாதிரிமார்கள் சாராயக் கடைகளில் உட்கார்ந்து காசுக்கு மணம் முடித்து வைத்தார்கள். வாசலில் ஆணும் பெண்ணும் கைகோத்த படம் போட்ட பலகை. தெருவில் போகிறவர்களைத் தரகர்கள் கூவிக் கூப்பிடுவார்கள். காசு கூடக் கொடுத்தால் பதிவேட்டில் பழைய தேதி போட்டுத் தருவார்கள். ஏற்கெனவே மனைவி உள்ளவனும் வரலாம், சொத்துள்ள சின்னப் பெண்ணை ஏமாற்றிக் கூட்டி வந்தவனும் வரலாம். தாலி கட்டிய அடுத்த நொடி என்போமே, அப்படி, மணம் முடிந்த நொடியில் மனைவியின் கைப்பணமும் நகையும் கணவனுக்குப் போய்விடும் சட்டம் இருந்த காலம் அது. அந்தச் சட்டம் சரியாக மாற 1882 ஆயிற்று. அப்புறம் அவன் விட்டுவிட்டுப் போனால், கையில் குழந்தையோடு நிற்பவள் தான் மனைவி என்பதை யாரை வைத்து நிரூபிப்பாள்?

1753-இல் ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த திருமணச் சட்டம்தான் இதை நிறுத்தியது. மூன்று அறிவிப்பு அல்லது முறையான அனுமதி, இரண்டு சாட்சிகள், பதிவேட்டில் கையெழுத்து. யூதர்களுக்கும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கும் விலக்கு உண்டு. வீட்டுக்குத் தெரியாமல் ஓடியவர்கள் எல்லை தாண்டி, இந்தச் சட்டம் செல்லாத ஸ்காட்லாந்தின் கிரெட்னா கிரீனுக்குப் போனார்கள். 1837 முதல் சர்ச்சுக்குப் போகாமல் பதிவு அலுவலகத்திலும் மணக்கலாம் என்றானது. அங்கும், யாரும் உள்ளே வந்து தடை சொல்லலாம் என்பதற்காக, கதவு திறந்திருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். எனக்கு அந்த ஒரு வரி போதும், மேளதாளம்கூட வேண்டாம்.

மணப்பெண்ணின் வெள்ளை உடை மிகப் பழைய வழக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பரவியது 1840-இல் விக்டோரியா ராணி வெள்ளைப் பட்டில் மணந்த பிறகு. அந்த உடையின் லேஸ், நீங்கள் போன அதே டெவனில் பெண்கள் கையால் பின்னியது. கைத்தறிக்கு நாம் படும் கவலை போல, இயந்திர லேஸால் அவர்கள் பிழைப்பு நசிந்துகொண்டிருந்த காலம்.

உறுதிமொழிதான் உண்மையில் பழசு. நன்மையிலும் தீமையிலும், செல்வத்திலும் வறுமையிலும், நோயிலும் நலத்திலும் என்ற சொற்கள் 1549-இன் ஆங்கில வழிபாட்டு நூலிலேயே உண்டு. பெண் மட்டும் "கீழ்ப்படிவேன்" என்று கூடுதலாகச் சொல்ல வேண்டியிருந்தது. அது எனக்கு ஒருநாளும் ஒப்பவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. சாட்சிக்காக இவ்வளவு பிடிவாதம் பிடித்தவர்கள், திருமணப் பதிவில் மணமக்களின் தகப்பன் பெயரையும் தொழிலையும் மட்டுமே கேட்டார்கள். 1837-இலிருந்து அப்படித்தான். தாய்க்கு அங்கே இடமே இல்லை. 2021 மே மாதம்தான் அது மாறியது.

நீங்கள் பார்த்த கல்யாணத்தில் கடைசியில் ஒரு மேசையருகே போய்க் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அந்தத் தாளில் பெண்ணின் அம்மா பெயருக்கும் இடம் இருந்திருக்கும்.