இடுப்பில் சும்மா கிடக்கும் கை

அன்புள்ள ஐயா,

என் மகளுக்குப் பதினான்கு வயது. ஆறாம் வகுப்பிலிருந்து ஷோடோகான் என்ற பாணியில் கராத்தே படிக்கிறாள். பிரவுன் பெல்ட். கட்டாவில், அதாவது எதிராளி இல்லாமல் தனியாகச் செய்துகாட்டும் அசைவு வரிசையில், மெடல்கள் வாங்கியிருக்கிறாள். போன மாதம் டவுன் பஸ்ஸில் ஒருவன் அவள் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறான். அவள் கத்தவும் இல்லை, அடிக்கவும் இல்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி அழுதுகொண்டே வந்தாள். "இத்தனை வருஷம் என்னத்தைக் கத்துக்கிட்ட?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். கட்டா என்பது வெறும் டான்ஸ்தானா? கிராவ் மகா என்ற இஸ்ரேல் தற்காப்புப் பயிற்சியில் சேர்க்கலாமா, சிலம்பத்திலா? கராத்தேயே நம் போதிதர்மர் காஞ்சியிலிருந்து கொண்டுபோனதுதானே?

கே., மதுரை

அன்புள்ள கே.,

போதிதர்மரை முதலில் அனுப்பிவிடுவோம். அவரைச் சண்டைக் கலையோடு சேர்க்கும் கதைக்கு 17ஆம் நூற்றாண்டுச் சீன நூல் ஒன்றுக்கு முந்தைய ஆதாரம் இல்லை. அவர் காலமோ அதற்கு ஆயிரம் ஆண்டு முந்தியது. கிராவ் மகா, தாராளமாகச் சேருங்கள். அங்கேயும் அவளுடைய அப்பா நீங்கள்தான் என்பதுதான் சிக்கல்.

பயத்தில் உடம்பு உறைந்துபோவது யாருக்கும் நடப்பது. பட்டாளத்துக்காரனுக்கும் நடக்கும். அந்தப் பிள்ளை இறங்கி வீடு வந்து சேர்ந்தாள், நடந்ததை வீட்டில் சொன்னாள். அதற்கே எவ்வளவு தைரியம் வேண்டும் தெரியுமா? சொன்ன வாயை ஊர் முன்னால் அடைத்திருக்கிறீர்கள். அடுத்த முறை உங்களிடம் சொல்வாளா என்று யோசித்துப் பாருங்கள். இனி அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன்.

கட்டாவுக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக இதோஸு அன்கோ என்பவர்தான், கராத்தே பிறந்த ஓகினாவா தீவுக்காரர், மனதில் ஓடிக்கொண்டிருக்கிறார். 1901ல் ஷூரியில் ஒரு தொடக்கப் பள்ளிக்குள் கராத்தேயைக் கொண்டுபோனவர். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பினான் என்ற ஐந்து கட்டாக்களை அமைத்தார். அவருடைய மாணவர் ஃபுனகோஷி கிச்சின் பின்னால் ஜப்பானில் அவற்றுக்கு ஹெயான் என்று பெயர் மாற்றினார். உங்கள் மகள் மெடல் வாங்குவது இந்தக் குடும்பத்துக் கட்டாக்களில்தான். வரிசையாக நிற்க வைத்து, ஒன்று இரண்டு எண்ணி, காற்றில் கை வீசுகிறோமே, அது அந்தப் பள்ளிக்கூட டிரில் விட்டுச்சென்ற பழக்கம். ஆனால் அதே இதோஸு 1908ல் எழுதிய பத்துக் குறிப்புகளில், இது ஒரு எதிராளியோடு மோதிப் பார்க்க அல்ல, ரவுடி எவனாவது வழிமறித்தால் தப்பிக்க என்கிறார். மெடல் கணக்கு எதுவும் அதில் இல்லை.

எனக்குக் கற்றுத்தந்தவர் ஒரு மில் தொழிலாளி. ஷிப்டு முடிந்து பஞ்சுத் தூசியோடு வருவார். ஜப்பானியப் பெயர்கள் பாதி அவர் வாயில் நுழையாது. கட்டா பாதியில் இருக்கும்போது திடீரென்று வந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடிப்பார். "இப்பச் செய்யிடா." ஒன்றும் வராது. "தெருவுல எவனும் ஆறடி தள்ளி நின்னு குனிஞ்சு கும்பிட்டுட்டுப் பஞ்ச் விடமாட்டான். மொதல்ல சட்டையப் பிடிப்பான், இல்ல கையப் பிடிப்பான். அப்பறம் கெட்ட வார்த்தை பேசுவான். அடி அதுக்கப்பறம்தான்." கள்ளுக்கடை வாசலிலும் யூனியன் தகராறிலும் பார்த்துத் தெரிந்துகொண்டவர்.

இதைத்தான் ஓகினாவாக்காரர்களும் சொன்னார்கள். கட்டாவில் எட்டுத் திசையில் திரும்புகிறோம், எனவே எட்டு எதிரிகள் என்று விளக்கம் சொல்வதைத் தவறு என்று இதோஸுவின் இன்னொரு மாணவர் மபுனி கென்வா அப்போதே எழுதிவிட்டார். எதிரி ஒருவன்தான், அதுவும் கைக்கெட்டும் தூரத்தில். திசை என்பது அவனுக்கு எந்தப் பக்கமாக நீங்கள் விலகுகிறீர்கள் என்பது.

இப்போது அந்த இடுப்புக் கை. ஒரு கை குத்தும்போது மற்றது இடுப்புக்கு வருகிறதே, ஹிகிதே. ஏன் என்று கேட்டால் பல மாஸ்டர்கள் "பவர் வரும்" என்பார்கள். என்ன பவர்? அந்தக் கையில் அவனுடைய கை இருக்கிறது ஐயா! பிடித்து, முறுக்கி, இழுத்து, அவன் நிலை தடுமாறும்போது மறுகையால் அடிக்கிறீர்கள். ஃபுனகோஷியே இதை எழுதியிருக்கிறார். தெருச் சண்டைக்குப் பேர்போன மொதோபு சோகி இன்னும் ஒரு படி மேலே போனார்: இடுப்பில் கை சும்மா இருக்கவே கூடாது, இரண்டும் புருஷன் பெண்டாட்டி போல் முன்னால் சேர்ந்தே வேலை செய்யவேண்டும் என்றார். 1926ல் அவர் வெளியிட்ட நூலில் படங்களைப் பாருங்கள், எல்லாம் ஆளோடு ஆள் ஒட்டி நிற்கும் சண்டை. வெறும் காற்றை இழுத்து இடுப்பில் வைக்கும் கையை நூறு தரம் செய்தாலும் ஆயிரம் தரம் செய்தாலும் அது வெறும் கைதான். ஒரு மனிதனுடைய எடை அதில் தொங்கவேண்டும். வியர்வையில் அவன் கை வழுக்கவேண்டும், அவன் திருப்பி இழுக்கவேண்டும். இதை எத்தனை கிளாஸில் செய்கிறார்கள்? ஃபீஸ் கட்டும் நீங்கள் ஒருநாளாவது கேட்டீர்களா? பெல்ட் டெஸ்ட் எப்போது என்று மட்டும் மறக்காமல் கேட்டிருப்பீர்கள்.

உங்கள் மகள் கற்ற ஹெயான் ஷோடானில் நான்காவது அசைவு என்ன என்று அவளையே கேளுங்கள். முன்காலைப் பின்னுக்கு இழுத்து, கையை வளைத்து மேலே தூக்கி, முஷ்டியை மேலிருந்து கீழே இறக்குவது. அது மணிக்கட்டைப் பிடித்தவனிடமிருந்து கையை உருவிக்கொண்டு அவனை அடிப்பது. பிடித்தவனுடைய கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடம்தான் பிடியில் பலவீனமானது, கை அந்த வழியாகத்தான் வெளியே வரவேண்டும். காலைப் பின்னுக்கு இழுப்பது உடம்பின் எடை முழுவதையும் அந்த இழுப்புக்குக் கொடுக்க. பஸ்ஸில் அவளுக்கு வேண்டியிருந்தது அதுவேதான். கற்ற முதல் கட்டாவிலேயே இருந்திருக்கிறது, ஆனால் அவள் மணிக்கட்டை ஒருவரும் பிடித்துக் காட்டவில்லை. முதன்முதலில் பிடித்தவன் அந்தப் பொறுக்கி.

ஞாயிற்றுக்கிழமை அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவள் சம்மதித்தால் மட்டும் மணிக்கட்டை நீங்கள் பிடியுங்கள். செல்லமாக அல்ல, இறுக்கமாக. கத்திக்கொண்டே உருவச் சொல்லுங்கள். சத்தம் வராவிட்டால் மறுபடியும். பிறகு பஸ் மாதிரி நெருக்கமாக, சுவரோரம், தோளில் ஸ்கூல் பையோடு. அவள் அம்மாவையும் பிடிக்கச் சொல்லுங்கள். முன்கையில் ஓரிரண்டு அடி நன்றாக விழும், வாங்கிக்கொள்ளுங்கள்.

சிலம்பம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்குத் தனியாக எழுதுகிறேன்.