டெல்டா பக்கம் சுத்திப் பாக்கவோ குடிவரவோ போறீங்களா, கேளுங்க சொல்றேன்

அண்ணே, பச்சைப்பசேல்னு வயல் பாக்கணும், மே லீவுல வரலாமா?

மே வேணாம் தம்பி. மேட்டூர் அணைய வழக்கமா ஜூன் 12ல தொறந்து ஜனவரி 28ல மூடுவாங்க, அதுக்கப்புறம் ஆத்துல மணல்தான், மே மாசம் உளுந்து பயறும் எடுத்து முடிச்சு வயலெல்லாம் வெடிச்சுக் கெடக்கும். நீங்க நெனைக்கிற பச்சை சம்பா பயிரு. மழை விட்டு டிசம்பர் கடைசில வாங்க, பொங்கல் வரைக்கும் கண்ணு நெறஞ்சிரும்.

ரெண்டு நாள்ல நவகிரகம் ஒம்போதும் பெரிய கோயிலும் முடியுமா?

முடியும், ஆனா கார் சீட்டத்தான் பாப்பீங்க. மதியம் பன்னெண்டு, பன்னெண்டரைக்கு நடை சாத்துனா நாலு மணிக்குத்தான் தொறப்பாங்க, அதுலயே பாதி நாள் போயிரும். நான் சொல்றது, கும்பகோணத்துல ரூம் போட்டு மொத நாள் காலைல தஞ்சாவூர் பெரிய கோயில், 1010ல ராஜராஜன் கட்டி முடிச்சது, மறுநாள் தாராசுரம். தாராசுரத்துல தூண் தூணா நின்னு பாருங்க, உள்ளங்கை அளவு சிற்பத்துல ஒரு முழுக் கதை இருக்கும், ஓடிக்கிட்டே பாத்தா ஒண்ணும் கண்ணுல படாது. நடை சாத்துற நேரத்துல சுவாமிமலை பட்டறைக்குப் போங்க. மெழுகுல சாமி செஞ்சு, அது மேல காவிரி வண்டல் மண்ணப் பூசிக் காயவெச்சு, சூடு காட்டி மெழுக உருக்கி எடுத்துட்டு அந்த எடத்துல உலோகத்த ஊத்துவாங்க, அச்ச ஒடச்சுத்தான் சிலைய எடுக்கணும், அதனால ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வராது. கோயில்ல பாத்த நடராஜர் எப்படி வந்தாருன்னு அங்கதான் புரியும்.

சாப்பாடு?

இட்லிக்கு கடப்பா, பாசிப்பருப்பும் உருளைக்கெழங்கும் போட்டது. தெனமும் போடமாட்டாங்க, இருக்கான்னு கேட்டுட்டு உக்காருங்க. திருவையாறு போனா அசோகா, பாசிப்பருப்பு அல்வா.

ரிட்டயர் ஆயிட்டேன், சென்னைய விட்டு வரலாம்னு இருக்கேன். தஞ்சாவூரா, கும்பகோணமா?

ஐயா, ஆஸ்பத்திரிதான் முக்கியம்னா தஞ்சாவூர், மெடிக்கல் காலேஜ் அங்க இருக்கு. தெருவுக்கு ஒரு கோயில், காலைல நல்ல காபி, நடந்தே மார்க்கெட்டுன்னா கும்பகோணம், ஆனா முகூர்த்த நாள்ல தெருவுல நகர முடியாது, 2028ல மகாமகம் வேற வருது. ரெண்டு ஊருக்கும் ராத்திரி உழவன், பகல்ல சோழன் எக்ஸ்பிரஸ் இருக்கு, பிள்ளைங்க வந்துபோக கஷ்டமில்ல. வீடு மட்டும் உடனே வாங்காதீங்க ஐயா, வாடகைக்கு ஒரு வருஷம் இருங்க, ஐப்பசி கார்த்திகை மழைல எந்தத் தெருவுல தண்ணி நிக்குது, கொசு எப்படின்னு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

ஊருக்கு வெளிய கொஞ்சம் வயல் வாங்கி பண்ணை வீடு கட்டலாமா?

மனசார சொல்றேன், நஞ்சைல கட்டாதீங்க. ஒரு வாய்க்கால தூத்தா அதுக்குக் கீழ இருக்குற அத்தன வயலுக்கும் பாசனம் போச்சு, மழைக்கு வடிகாலும் போச்சு. விவசாயம் பண்றதுன்னா தாராளமா வாங்குங்க. வீட்டுக்கு நத்தத்துல, அதான் ஊருக்குள்ள குடியிருக்க ஒதுக்குன நெலத்துல, எடம் பாருங்க, மனைன்னு யாராச்சும் காட்டுனா கிராமக் கணக்குல அது என்ன வகைன்னு பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

தை மாசம் சொந்த கார்ல வர்றோம், ரோடு எப்படி?

ரோடு பரவால்ல, நெல்லுதான் கவனம். அறுவடை நேரம், ரோட்டோரமா காய போட்டுருப்பாங்க, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா கொள்முதல் நிலையத்துல திருப்பி அனுப்பிருவாங்க, அவங்களுக்கு வேற களம் இல்ல. டயர ஏத்தாதீங்க. ராத்திரில மெதுவா வாங்க, நெல்லச் சுத்தி கல்லு வெச்சிருப்பாங்க, கிட்ட வந்தாத்தான் தெரியும்.