கேள்வி-பதில்: பையில் இருக்கும் பூஞ்சையை நீங்களே கொல்லாதீர்கள்

தக்காளி வாடுகிறது. டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் நன்மைப் பூஞ்சை) விடலாமா?

செடிக்கு எத்தனை நாள் வயது, எந்த ஊர், என்ன மண்? ஒன்றும் எழுதாமல் கேட்டால் எப்படி? சரி, வாடிய செடியின் அடித்தண்டை வெட்டி, வெட்டுமுனை முங்கும்படி கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடியுங்கள். ஓரிரு நிமிடத்தில் பால் போல இழை இழையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். டிரைக்கோடெர்மாவை நம்பாதீர்கள்.

காலிஃபிளவருக்கு வேம் (VAM, வேரோடு கூட்டுச் சேரும் நன்மைப் பூஞ்சை) போடலாமா?

வேண்டாம். கோஸ், முள்ளங்கி, கடுகு வகையறா வேர்களோடு அந்தப் பூஞ்சை கூட்டுச் சேராது. காசு மிச்சம்.

நிலக்கடலை விதைக்கு கார்பென்டாசிம், டிரைக்கோடெர்மா இரண்டையும் சேர்த்துக் கலக்கச் சொல்லிக் கடையில் ஒரே பையில் கொடுத்தார்கள். எவ்வளவு கலப்பது?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. கார்பென்டாசிம் பூஞ்சையைக் கொல்லும் மருந்து. டிரைக்கோடெர்மா ஒரு பூஞ்சை. இரண்டையும் ஒரே நாளில் ஒரே விதையில் போட்டால் மிஞ்சுவது, பூஞ்சையைக் கலந்து விற்கும் வெறும் டால்க் பவுடர்தான். அப்புறம் 'உயிரி மருந்தெல்லாம் ஏமாற்று' என்று டீக்கடையில் பேச்சு!

உயிரோடு இருந்தால் அது செய்யும் வேலையே வேறு. வேரழுகல் பூஞ்சையின் இழையைச் சுற்றிப் படர்ந்து, அதன் சுவரை நொதிகளால் கரைத்துத் தின்கிறது. வேரில் குடியேறிச் செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் தட்டி எழுப்புகிறது. செத்த வித்து (பூஞ்சையின் விதை போன்ற நுண்துகள்) இதில் எதையும் செய்யாது.

ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். டிரைக்கோடெர்மா என்றால் கிலோ விதைக்கு 4 கிராம். வேர்முடிச்சில் தழைச்சத்து சேர்க்கும் பாக்டீரியாவான ரைசோபியத்தோடு சண்டையில்லை. தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். நாலு மாதம் தாண்டிய தூளை வாங்காதீர்கள். கடை வாசலில் வெயிலில் தொங்கும் பாக்கெட்டைத் தொடவே தொடாதீர்கள்.

மஞ்சளுக்காகத் தொழுவுரத்தில் டிரைக்கோடெர்மா கலந்து வைத்தேன். வெள்ளையாகப் பூத்து இப்போது பச்சையாகிவிட்டது. கெட்டுவிட்டதா?

கெடவில்லை, வித்து விட்டிருக்கிறது. நீங்கள் காத்திருந்ததே அதற்குத்தான். நிழலில், ஈரச் சாக்கு மூடி, பத்து நாள் போதும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. ஏக்கருக்கு ஒரு கிலோ தூள், 50 கிலோ எரு என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலில் தண்ணீர் தேங்கினால் மட்டும் எந்தப் பூஞ்சையும் கிழங்கு அழுகலைத் தடுக்காது, முதலில் வடிகால். மறுபடியும் சொல்கிறேன், அந்த எருவோடு கார்பென்டாசிம் சேரக் கூடாது.

மிளகாய் நாற்றங்காலில் வேம் போட்டும், நட்ட பிறகு வேரழுகல் வந்தது. டிஏபி நிறையவே கொடுத்தேன்.

பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். டிஏபியில் மணிச்சத்துதான் அதிகம். மண்ணில் அது மிதமிஞ்சினால் செடி அந்தப் பூஞ்சையை வேருக்குள் பெரிதாக விடாது. வேரில் வேம் முன்கூட்டியே இடம் பிடித்தால்தான் நோய்ப் பூஞ்சைக்கு இடம் குறையும். அடுத்த முறை மண் பரிசோதனை செய்துவிட்டு டிஏபியைத் தொடுங்கள். வேமை விதைக்குக் கீழே, வேர் இறங்கும் இடத்தில் போடுங்கள். மேலே தூவினால் வீண்.

உளுந்தில் மஞ்சள் தேமல். டிரைக்கோடெர்மா தெளிக்கலாமா?

அது வைரஸ். பரப்புவது வெள்ளை ஈ. நோய்ச்செடியைப் பிடுங்கிவிட்டு ஈயைக் கவனியுங்கள்.