ஷிங்கோ ஏன் மகனைத் தட்டிக் கேட்கவில்லை?

வணக்கம் சார்,

நீங்கள் சொல்லித்தான் யசுனாரி கவபாத்தாவின் 'மலையின் ஓசை' நாவலை ஆங்கிலத்தில் வாசித்தேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜப்பானின் கண்ணாடி என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் போரே தென்படவில்லை. மகன் வேறொருத்தி வீட்டுக்குப் போகிறான். மகள் இரண்டு குழந்தைகளோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிடுகிறாள். மருமகள் எல்லாவற்றையும் சகித்துக்கொள்கிறாள். நம் வீடுகளில் நடக்காததா? கோபமெல்லாம் கிழவர் ஷிங்கோ மேல்தான். வீட்டுக்குப் பெரியவர், மகனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கக் கூடாதா? மருமகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

எம்.

அன்புள்ள எம்.,

'கண்ணாடி' என்று எழுதியது என் சோம்பேறித்தனம். ஆனால் போர் இல்லை என்கிறீர்களே, அந்த 'வேறொருத்தி' யார்? கினுகோ போரில் கணவனைப் பறிகொடுத்தவள். துணி தைத்துப் பிழைக்கிறாள், இன்னொரு போர் விதவையோடு குடியிருக்கிறாள். தோற்ற ஜப்பானில் வந்திறங்கிய நேச நாடுகளின் ஆக்கிரமிப்புப் படையின் உத்தரவால் 1946இல் ராணுவ ஓய்வூதியங்கள் நின்றுபோயின. நாவல் இதழ்களில் வரத் தொடங்கிய 1949இல் அவளைப் போன்றவர்களுக்குக் கைவேலைதான் கதி.

ஷிங்கோவுக்கு வயது அறுபத்திரண்டு. அவர் வளர்ந்த ஜப்பானில் குடும்பத் தலைவர் என்பது வெறும் மரியாதை இல்லை, சட்டம் கொடுத்த பதவி. தன் சம்மதம் இல்லாமல் கல்யாணம் செய்தவர்களை அவர் குடும்பப் பதிவேட்டிலிருந்தே நீக்கலாம். 1948 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சிவில் சட்டம் அந்தப் பதவியை எடுத்துவிட்டது. இவரும் மகனும் வீடு இருக்கும் காமகுரா ஊரிலிருந்து டோக்கியோவில் ஒரே அலுவலகத்துக்குப் போகிறவர்கள். வழியெல்லாம் பேசலாம். எந்த உரிமையில் பேசுவது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

மருமகள் கிக்குகோ சகித்துக்கொள்கிறாள் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவள் கருவுறுகிறாள். கணவன் இப்படி இருக்கும்வரை அவன் பிள்ளை வேண்டாம் என்று, மாமனாரிடம் மூச்சுவிடாமல், போய்க் கலைத்துவிட்டு வருகிறாள். 1948இல் வந்த சட்டம் அதற்கு வழிவிட்டது. 1949இல் பொருளாதாரக் காரணமும் சேர்ந்தது. 1955இல் பதிவான கருக்கலைப்புகள் மட்டும் 11 லட்சத்துக்கும் மேல். கிக்குகோ கருவைக் கலைத்த செலவுக்கான பணத்தைக் கணவன் வாங்கியது கினுகோவிடம்! அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே நடந்துவிட்டு வந்தேன்.

பிறகு கினுகோவும் கருவுறுகிறாள். ஷிங்கோ நேரில் போய்க் கெஞ்சாத குறையாகப் பேசுகிறார். குழந்தை உங்கள் மகனுடையது இல்லை என்கிறாள் அவள். பெற்றுக்கொள்ளப் போவது நான் என்கிறாள். பழைய சட்டத்தின் குடும்பத் தலைவராகவே இருந்தாலும் ஷிங்கோ இதற்கு என்ன பதில் சொல்லியிருப்பார்?

மருமகளைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. எனக்கும் அது நெருடுகிறது. கடைசிப் பக்கத்தை மட்டும் திரும்பப் படியுங்கள். கொடியில் காய்கள் கனத்துத் தொங்குவதாக அவளைக் கூப்பிட்டுச் சொல்கிறார். பாத்திரம் கழுவும் சத்தத்தில் அது அவளுக்குக் கேட்கவில்லை.